கண்ணால் காணாத சுவிசேஷத்தைக் கிறிஸ்தவர்கள் எதை வைத்து உண்மை என்கிறார்கள்?

கிறிஸ்தவ நண்பர் எவருடனோ வாதிட்டுவிட்டு வந்துதான் இதைக் கேட்டிருக்கிறீர்கள் என்று எண்ணுகிறேன். "பிறந்த வீட்டில் சொல்லிக் கொடுத்ததை நம்புகிறார்கள், அவ்வளவுதான்" என்று ஒருவர் பதில் எழுதியிருப்பது என்னைப் புண்படுத்தியதால் எழுதுகிறேன்.

நான் இரங்கூன் தமிழன். 1987 செப்டம்பர் 5ஆம் தேதி 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டன, மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. அக்காவின் கல்யாணத்துக்கென்று அப்பா தகர டப்பாவில் சேர்த்தவற்றில் பெரும்பகுதி 75 கியாட் நோட்டுகள். அன்றிரவும் அவர் குடும்ப ஜெபத்துக்கு வேதாகமத்தைத் திறந்தபோது, பதினேழு வயதின் ஆத்திரத்தில், "இதுவும் அச்சடித்த காகிதம்தானே அப்பா, இதுவும் செல்லாமல் போனால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுவிட்டேன். அம்மா கை ஓங்கினார். அப்பா அவரைத் தடுத்து, காகிதத்தைப் பார்க்காதே, அதற்குப் பொறுப்பேற்றவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று பார் எனக் கூறி, இயேசுவின் அப்போஸ்தலரான பவுல் கொரிந்து நகரத்துச் சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் (கடிதத்தின்) 15ஆம் அதிகாரத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

இயேசு சிலுவையில் மரித்து ஏறத்தாழ 25 ஆண்டுகளில் எழுதப்பட்ட நிருபம் அது. உயிர்த்தெழுந்தவரை 500க்கும் மேற்பட்டோர் ஒரே வேளையில் கண்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் இன்னும் இருக்கிறார்கள் என்கிறார் பவுல். நேரில் போய் விசாரிக்கக்கூடிய காலத்தில் பொய் சொல்பவர் இப்படி எழுதுவாரா என்ற கேள்வி என்னை விடவில்லை. இயேசுவின் முதன்மைச் சீடரான பேதுரு வேலைக்காரப் பெண்ணுக்கு அஞ்சி, அவரை அறியேன் என்று மறுதலித்ததை, இயேசுவின் வாழ்வைச் சொல்லும் நான்கு சுவிசேஷ நூல்களும் மறைக்கவில்லை. பெண்களின் சாட்சியத்துக்கு மதிப்புக் குறைவாயிருந்த அச்சமூகத்தில், வெறுமையான கல்லறையை முதலில் கண்டவர்கள் பெண்களே என்று எழுதியிருக்கிறார்கள். முன்பு நம்பாதிருந்த இயேசுவின் சகோதரன் யாக்கோபு, பின்னர் எருசலேமில் கல்லெறிந்து கொல்லப்பட்டதை யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் பதிவு செய்திருக்கிறார்.

நம்பிக்கைக்காக உயிர் கொடுத்தவர்கள் எல்லா மதங்களிலும் உண்டே என்பீர்கள். உண்டு, அவர்களை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால், பிறர் சொல்லக் கேட்டு நம்பியவர் ஏமாந்திருக்கலாம்; கண்ணால் கண்டேன் என்பவருக்குத் தாம் சொல்வது மெய்யா பொய்யா என்பது தெரியும். இது கணக்குப் போல நிரூபணமாகாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

1813இல் இரங்கூனில் வந்திறங்கிய அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன், முதல் பர்மியருக்கு ஞானஸ்நானம் கொடுக்க 1819 வரை காத்திருந்தார். அப்பா எனக்காக மூன்று ஆண்டுகள் காத்திருந்தார்; அதுவரை ஒரு நாளும் என்னை அவசரப்படுத்தவில்லை.