பேச முடியாத தங்கைக்காக யார் புகார் கொடுப்பது?

கேள்வி: என் தங்கைக்குக் காது சரியாகக் கேட்காது, பேச்சும் வராது. அம்மா இறந்தபின் குடியாத்தத்தில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அவர் அடிக்கிறார். உதவித்தொகை வரும் ஏ.டி.எம். கார்டைப் பிடுங்கிக்கொண்டார். போன மாதம் காது மெஷினையும் உடைத்துவிட்டார். ஸ்டேஷனில், "குடும்ப விஷயம், அந்தப் பெண்ணே சொல்லாமல் என்ன எழுதுவது?" என்கிறார்கள். நான் ஆம்பூரில் வாழ்க்கைப்பட்டவள். நான் புகார் கொடுக்கலாமா?

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பிரிவு 7-ன்படி, கொடுமை நடக்கிறது என்று நம்பக் காரணம் உள்ள எவரும் நிர்வாக நடுவரிடம் தகவல் தரலாம். உங்களுக்கு அது குடியாத்தம் கோட்டாட்சியர். மறுபடி ஸ்டேஷனுக்கு அலைவதற்கு முன் அங்கே எழுத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். வக்கீல்களே அதிகம் தொடாத பிரிவு இது. தங்கையை மீட்கவும், பராமரிப்புத் தொகைக்கும் கோட்டாட்சியர் உத்தரவிடலாம். பாதுகாப்புக் காவலில், அதாவது பாதுகாப்பான இடத்தில், வைப்பது மட்டும் அவள் விரும்பினால்தான். அவள் உங்களோடு இருக்க விரும்பினால் அதை மனுவிலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் ஏதோ ஒரு இல்லத்தில் சேர்த்துவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள். அவளிடம் சைகையில் கேட்டுவிட்டு எழுதுங்கள். அவள் மேஜரான பெண், முடிவு அவளுடையது.

அப்புறம் அந்தக் காது மெஷின். உடைந்ததைத் தூக்கிப் போடாதீர்கள். மாற்றுத்திறனாளியின் உதவிக் கருவியை வேண்டுமென்றே சேதப்படுத்துவது அதே சட்டத்தின் பிரிவு 92-ல் தனிக் குற்றம். 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. அடிபட்ட காயம் இருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டிப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

"அவளால் சொல்ல முடியாதே" என்பதெல்லாம் சாக்கு. நீதிமன்றத்தில் சைகையால் சொல்வதும் வாய்மொழிச் சாட்சியம்தான் என்கிறது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம், பிரிவு 125. ஊனம் என்பதற்காக ஒரு பெண்ணின் சாட்சியத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது என்று 2021-ல் பட்டான் ஜமால் வலி வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக இந்தியா 2007-ல் ஏற்ற ஐ.நா. உடன்படிக்கையின் 16-வது உறுப்பும் வீட்டுக்குள் நடக்கும் வன்முறையைச் சேர்த்தே பேசுகிறது.

உதவித்தொகையைப் பறிப்பது 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் பொருளாதார வன்முறை. தங்கை உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டால், தற்காலிகமாகத் தங்கியிருந்தாலும் ஆம்பூர் பக்கமே வழக்குப் போடலாம். கார்டை முடக்க அவளையும் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போங்கள். அதற்கு வழக்கு தேவையில்லை.

வக்கீல் செலவா? பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. சட்ட உதவி எண் 15100-ல் கேளுங்கள். இன்றைக்கே அடி விழுந்தால் மனுவுக்கெல்லாம் காத்திருக்காமல் பெண்கள் உதவி எண் 181-க்கோ அவசர எண் 112-க்கோ அழையுங்கள்.