நான்காவது முறையும் பையைத் தூக்கிக்கொண்டு போவதா?

(இதய அறுவை சிகிச்சை வார்டில் 29 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற செவிலியர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: சிஸ்டர், அப்பாவுக்கு 61 வயது. லாரி ஓட்டியவர். ஆஞ்சியோ செய்து பார்த்ததில் மூன்று குழாயிலும் அடைப்பு, பைபாஸ்தான் வழி என்றார்கள். தை மாதத்திலிருந்து மூன்று முறை அட்மிட் ஆகி, மூன்று முறையும் வீடு திரும்பிவிட்டோம். முதல் முறை சளி, காய்ச்சல். இரண்டாவது முறை ஐ.சி.யூ.வில் கட்டில் இல்லை. மூன்றாவது முறை மதியம் ஒரு மணி வரை பட்டினி போட்டுவிட்டு, "இன்னைக்கு இல்லை" என்றார்கள். காரணம் சொல்லவில்லை. "போற உசுரு வீட்டிலேயே போகட்டும், இனி நான் வரமாட்டேன்" என்று அப்பா உட்கார்ந்துவிட்டார். வருகிற புதன்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். எப்படி அழைத்துப்போவது?
- பெயர் வேண்டாம், திருமங்கலம்

பதில்: அந்த "இன்னைக்கு இல்லை"யை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கு இல்லை. தியேட்டரிலிருந்து போன் வரும். பச்சை கவுன் போட்டு, மோதிரம், அரைஞாண் எல்லாம் கழற்றி மனைவி கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவரிடம் போய் நான்தான் சொல்ல வேண்டும். பலர் கோபப்படக்கூட மாட்டார்கள். "சரிம்மா, ஒரு டீ குடிக்கலாமா?" என்பார்கள். அதற்குக் கத்திவிட்டால்கூடத் தேவலாம் என்றிருக்கும்.

அப்புறம் என் வீட்டுக்காரருக்கே பைபாஸ் என்று வந்தது, நான் வேலை பார்க்காத வேறொரு ஆஸ்பத்திரியில். முதல் முறை சர்க்கரை 310. இரண்டாவது முறை, பெருந்தமனி கிழிந்துபோன ஒருவரை நள்ளிரவில் கொண்டுவந்தார்கள். விடிய விடிய அவருக்கு ஆபரேஷன், எங்களுக்கு டிஸ்சார்ஜ். மூன்றாவது முறை தியேட்டரில் ஏ.சி. பழுது. இத்தனை வருஷம் மற்றவர்களைப் பொறுத்துக்கொள்ளச் சொன்ன நான், அந்த வார்டு சிஸ்டரிடம் கத்தித் தீர்த்துவிட்டேன். பாவம், அந்தப் பெண்ணுக்கும் ஏ.சி.க்கும் என்ன சம்பந்தம்?

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாவது முறை காரணம் கேட்காமல் வந்ததுதான் எனக்கு உறுத்துகிறது. காரணம் நோயாளியின் உடம்பில் இருக்கிறதா, ஆஸ்பத்திரியில் இருக்கிறதா என்று தெரிந்தால்தான் நாம் அடுத்து என்ன செய்வது என்று புரியும். காய்ச்சல், சிறுநீரில் கிருமி, சொத்தைப் பல், காலில் ஒரு கொப்புளம் இதெல்லாம் உடம்பு சம்பந்தப்பட்டது. கொப்புளத்துக்கும் இதயத்துக்கும் என்ன என்று கேட்காதீர்கள், அந்தக் காலிலிருந்துதான் ரத்தக்குழாயை எடுத்து இதயத்தில் வைத்துத் தைப்பார்கள். சளியோடு மயக்க மருந்து கொடுத்து வென்டிலேட்டரில் போட்டால் நிமோனியா வர நல்ல வாய்ப்பு. உங்கள் அப்பாவை முதல் முறை திருப்பி அனுப்பியவர் அவருக்கு நல்லதுதான் செய்திருக்கிறார். சனிக்கிழமையிலிருந்தே காய்ச்சல், இருமல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் போனில் சொல்லி, வரலாமா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கட்டில் விஷயம் வேறு. நேற்று ஆபரேஷன் ஆனவருக்கு வென்டிலேட்டரை எடுக்க முடியவில்லை என்றால் இன்றைக்கு ஐ.சி.யூ.வில் இடம் கிடையாது. அதே மாதிரி, ஒரு பைபாஸுக்கு நாலு மணி நேரத்திலிருந்து ஆறு மணி நேரம் ஆகும். பட்டியலில் இரண்டாவது பெயராக இருந்து, முதல் ஆளுக்கு ரத்தக் கசிவு நிற்காமல் இழுத்தால், இரண்டாமவர் பாடு அவ்வளவுதான். மதியம் ஒரு மணி வரை வைத்திருந்து அனுப்பினார்கள் என்றால் இதுதான் நடந்திருக்கும் என்பது என் ஊகம். அதனால் புதன்கிழமை ரவுண்ட்ஸ் வரும் பெரிய டாக்டரிடம், "மூன்று முறை தள்ளிப்போய்விட்டது, இந்த முறை முதல் கேஸாகப் போட முடியுமா சார்?" என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்று பயப்படாதீர்கள். கேட்டவர்களுக்காகப் பட்டியலை மாற்றி எழுதியதை நான் பார்த்திருக்கிறேன். காலை பத்து மணி தாண்டியும் கூப்பிடவில்லை என்றால், "வெறும் தண்ணீர் கொடுக்கலாமா?" என்று மயக்க டாக்டரிடம் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பல நேரம் கொடுக்கலாம் என்பார்கள். கேட்காதவருக்கு நாக்கு வறண்டதுதான் மிச்சம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் மாத்திரை. குளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் இளக்கும் மாத்திரையை ஆபரேஷனுக்கு ஐந்து நாள் முன்பே நிறுத்தச் சொல்லியிருப்பார்கள். சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின் சாப்பிட்டால் அதை மூன்று நாள் முன்பு. ஆபரேஷன் தள்ளிப்போகிறது, டிஸ்சார்ஜ் ஆகிறது, நிறுத்திய மாத்திரையை மறுபடி தொடங்குவதா என்று சொல்ல எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். நோயாளி அது இல்லாமலே மூன்று வாரம் வீட்டில் இருந்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவார். இதை நான் ஒரு முறை இல்லை, பல முறை பார்த்திருக்கிறேன். எதை, எந்தத் தேதியிலிருந்து, மறுபடி எப்போது நிறுத்துவது என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்காமல் வார்டை விட்டு நகராதீர்கள். உங்கள் அப்பா இப்போது என்ன சாப்பிடுகிறார், என்ன சாப்பிடவில்லை என்பதை இந்தப் பதிலைப் படித்த கையோடு டாக்டரிடம் போனில் கேட்டுவிடுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தவும் வேண்டாம், தொடங்கவும் வேண்டாம். காப்பீட்டுத் திட்டத்தில் செய்வதாக இருந்தால், பழைய ஒப்புதல் இன்னும் செல்லுமா என்று அந்த கவுன்டரிலும் ஒரு வார்த்தை.

இன்னொன்று. ஆபரேஷன் பட்டியல் ரேஷன் கடை வரிசை அல்ல. உடம்பு மோசமானால் பெயர் மேலே போகும், ஆனால் நீங்கள் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். முன்பு மாடி ஏறினால் மட்டும் வந்த வலி இப்போது உட்கார்ந்திருக்கும்போதே வருகிறதா, ராத்திரி எழுப்புகிறதா, இரண்டு தலையணை வைத்தால்தான் மூச்சு விட முடிகிறதா, கால் வீங்குகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் புதன்கிழமை வரை காத்திருக்காமல் உடனே போங்கள். வியர்வையோடு வலி வந்தால் உட்காரவைத்து, டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் சார்பிட்ரேட்டை நாக்குக்கு அடியில் வைத்து, 108-ஐக் கூப்பிடுங்கள். பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போகிற வேலை வேண்டாம்.

அப்பாவின் பிடிவாதத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. என் வீட்டுக்காரரும் இப்படித்தான் உட்கார்ந்தார். ஆபரேஷன் பயம் என்று நினைத்து, "இந்தியாவில் முதல் பைபாஸ் 1975-லேயே நம்ம பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் நடந்துருச்சு, இதெல்லாம் பழகிப்போன ஆபரேஷன்" என்று வகுப்பெடுத்தேன். கடைசியில் பார்த்தால் அவர் பிரச்சினையே வேறு. உடம்பு முழுக்க நாலாவது முறை ஷேவ் செய்வதும், "என்ன, இன்னும் ஆகலையா?" என்று தெருவில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதும்தான். அந்த முறை யாரிடமும் சொல்லாமல், சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனோம். உங்கள் அப்பா லோடுக்காக நாள் கணக்கில் காத்துக் கிடந்தவர். காத்திருப்பது அவருக்குப் புதிது இல்லை, ஒன்றும் சொல்லாமல் அனுப்பியதுதான் சுட்டிருக்கும். ஃபைலை அவர் கையில் கொடுத்து, டாக்டரிடம் அவரையே பேசவிடுங்கள்.

கேள்வி: தம்பியின் ஆபரேஷனுக்காக நான்கு நண்பர்கள் ரத்தம் கொடுத்தார்கள். மறுநாள் ஆபரேஷன் ரத்து. அந்த ரத்தம் வீண்தானா? அடுத்த தேதிக்கு அவர்களையே கூப்பிடலாமா?
- வாசகர், பரமக்குடி

பதில்: வீண் இல்லை. சிவப்பணுக்களைக் குளிர்பதனத்தில் ஐந்தாறு வாரம் வரை வைக்கலாம், தட்டணுக்கள் ஐந்து நாள்தான். உங்கள் தம்பிக்கு இல்லாவிட்டாலும் பக்கத்து வார்டில் யாருக்காவது போயிருக்கும். கொடுத்ததற்கான சீட்டைப் பத்திரமாக வைத்து, அடுத்த முறை அதைக் கணக்கில் எடுப்பார்களா என்று ரத்த வங்கியில் கேளுங்கள். அதே ஆட்களை உடனே கூப்பிட முடியாது. ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி விட வேண்டும். வேறு நான்கு பேரைப் பேசி வையுங்கள்.

கேள்வி: மாமியாருக்கு இதய வால்வு சுருங்கியிருக்கிறது. ஆபரேஷன் தேதி ஆடியில் வருகிறது. ஆடியில் வேண்டாம், ஆவணியில் பார்க்கலாம் என்கிறார். போன மாதம் இரண்டு முறை மயங்கி விழுந்தார். தள்ளிப்போடலாமா?
- மருமகள், காரைக்குடி

பதில்: இரண்டு முறை விழுந்ததை டாக்டரிடம் சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால் இன்றைக்கே சொல்லுங்கள். வால்வு சுருங்கியவர் மயங்கி விழுவது சாதாரண தலைசுற்றல் கிடையாது. கொடுத்த தேதியையே அவர்கள் முன்னால் இழுக்கலாம்.

ஆடி விஷயத்தில் மாமியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். எங்கள் வார்டில் ஆடி மாதம் பட்டியல் குட்டையாகத்தான் இருக்கும், கட்டிலும் கிடைக்கும். ஆவணி பிறந்ததும் தள்ளிப்போட்டவர்கள் அத்தனை பேரும் ஒரே வாரத்தில் பையோடு வந்து நிற்பார்கள். "இன்னைக்கு இல்லைம்மா" என்று நான் அதிகம் சொன்னது அந்த வாரங்களில்தான்.