ஆம்பூர் எப்படி வெளிமாநிலம் ஆனது?

கேள்வி: தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றின் பில்லிங் மென்பொருள் என் பொறுப்பில் இருக்கிறது. பிஎச்பி நிரல்மொழியில், வாட் காலத்தில் எழுதியது. 2017-ல் ஜிஎஸ்டியை அதன் மேலேயே ஒட்டியிருக்கிறார்கள். டெஸ்ட் ஒன்றுகூட இல்லை. நிரலை ஒழுங்குபடுத்த பிஎச்பி-சிஎஸ்-ஃபிக்ஸரை எல்லா விதிகளோடும் ஓட்டினேன். மறுநாள் ஆம்பூர் பில்லுக்கும், வெளிமாநில விற்பனைக்கான ஐஜிஎஸ்டி விழுந்தது. பழையபடி மாற்றிவிட்டேன். இனி எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகர், ராணிப்பேட்டை

பதில்: நிரலின் நடத்தையையே மாற்றக்கூடிய ‘ரிஸ்கி’ விதிகளும் சேர்ந்து ஓடியிருக்கின்றன. அவற்றில் ஒன்று == குறியை === ஆக்கும். தமிழ்நாட்டின் ஜிஎஸ்டி குறியீடு 33. படிவத்திலிருந்து அது எண்ணாக வராது, எழுத்துச்சரமாகத்தான் வரும். நிரலில் இருக்கும் எண்ணையும் படிவத்தின் எழுத்துச்சரத்தையும் == ஒன்றென்று ஏற்கும். === வகையையும் பார்ப்பதால் வேறென்று சொல்லிவிடும். ஆம்பூர் வெளிமாநிலம் ஆனது அப்படித்தான்.

முதலில் பழைய பில்களில் ஒரு ஐம்பதை எடுங்கள். உள்மாநிலம், சித்தூர் போல வெளிமாநிலம், சரக்குத் திரும்பியது, தள்ளுபடி, பைசா ரவுண்ட்-ஆஃப் என்று கலந்து இருக்கட்டும். அதே உள்ளீட்டை இன்றைய நிரலுக்குக் கொடுத்து, வரும் விடையைக் கோப்பாகச் சேமியுங்கள். பிஎச்பி யூனிட் என்ற சோதனைக் கருவியில் எழுதும் டெஸ்ட் இனி அந்தக் கோப்போடு ஒப்பிடும். விடை தப்பாகத் தெரிந்தாலும் இப்போது கைவைக்காதீர்கள், தனியே குறித்து வையுங்கள். தப்பைத் திருத்துவதும் நிரலை அடுக்குவதும் ஒரே நாளில் நடந்தால் எது எதைக் கெடுத்தது என்று தெரியாது.

இரண்டு இடங்களில் இடறும். நிரலுக்குள்ளேயே இன்றைய தேதியை எடுத்தால் டெஸ்ட் நாளைக்குத் தோற்கும். தேதியை வெளியிலிருந்து அனுப்புங்கள். டெஸ்ட் முடிந்ததும் தரவு மாற்றங்களைத் திரும்பப் பெறலாம் (ரோல்பேக்) என்றால், பழைய மைசீக்குவல் தரவுத்தள டேபிள்கள் மைஐசாம் என்ற சேமிப்பு வகையாக இருக்கலாம். அதில் ரோல்பேக் வேலை செய்யாது, பிழைச்செய்தியும் நின்று தடுக்காது. எனவே தரவுத்தளத்தின் நகலில் மட்டும் ஓட்டுங்கள்.

பிறகு ஃபிக்ஸரில் இடைவெளி, அடைப்புக்குறி விதிகள் மட்டும், தனி கமிட்டாக (நிரல் மாற்றப் பதிவாக). === மாற்றம் கோப்புக்கோப்பாக, அந்தக் கோப்பைத் தொடும் டெஸ்ட் இருந்தால் மட்டுமே.

நிரலை ஓட்டாமலே பிழை தேடும் பிஎச்பி-ஸ்டானை, மிகத் தளர்வான லெவல் 0-ல் தொடங்கி, பேஸ்லைன் கோப்பு உருவாக்குங்கள். பழைய பிழைகள் அதில் அடங்கிவிடும். புதிதாக எழுதும் வரியில் பிழை வந்தால் மட்டும் கத்தும். அவசரத்துக்கு பேஸ்லைனை மறுபடி உருவாக்கிப் பிழையை மறைப்பதுதான் பல இடங்களில் நடக்கிறது. அந்தக் கோப்பில் வரி கூடினால் கமிட்டை ஏற்காதீர்கள்.