அமெரிக்கா மிட்வெஸ்ட் (நாட்டோட நடு-வடக்குப் பகுதி) சின்ன ஊர்கள் எப்படி உருவாச்சு? கேட்டவங்களுக்கு என் பதில்கள்

கேள்வி: அண்ணே, நெப்ராஸ்கா மாநிலம் பக்கம் கார்ல போனா கொஞ்ச தூரத்துக்கு ஒரு ஊர் வருது, எல்லாம் ஒரே அச்சு. ஏன்?

பதில்: ரயிலுக்காகவே போட்ட ஊருங்க அதெல்லாம். தண்டவாளம் போடும்போதே சில மைலுக்கு ஒரு ஸ்டேஷன்னு குறிச்சு, பக்கத்துலயே மனை பிரிச்சு வித்துடுவாங்க. குதிரை வண்டில தானியம் ஏத்திட்டு வர்ற விவசாயி அன்னிக்கே வீடு திரும்பணும், நீராவி இஞ்சினுக்கும் வழில தண்ணி வேணும், அந்தக் கணக்குதான். தண்டவாளத்த ஒட்டி உயரமா நிக்குதே எலிவேட்டர், அது தானியத்த மேல ஏத்திக் கொட்டி வைக்கிற இடம். தூரத்துல அது தெரிஞ்சாலே ஊர் வந்துடுச்சுன்னு அர்த்தம்.

கேள்வி: பேரு யாரு வெச்சது?

பதில்: நிறைய இடத்துல ரயில்காரங்கதான். நெப்ராஸ்கா தலைநகர் லிங்கனுக்கு மேற்கால பர்லிங்டன் ரயில் லைன்ல வரிசையா பாருங்க: கிரீட், டார்செஸ்டர், எக்ஸெட்டர், ஃபேர்மான்ட், கிராஃப்டன், ஹார்வர்ட், இன்லேண்ட், ஜூனியாட்டா, கெனசா, லோவல். இங்கிலீஷ்ல எழுதிப் பாத்தா சி-ல ஆரம்பிச்சு எல் வரைக்கும் ஏபிசிடி வரிசைதான், எனக்கு இது முதல்ல தெரிஞ்சப்போ மேப்ப விட்டு கண்ண எடுக்க முடியல.

கேள்வி: மதத்துக்காக வந்து குடியேறின ஊர் இருக்காமே?

பதில்: இருக்கு. அயோவா மாநிலத்துல பெல்லா, 1847-ல டச்சுக்காரங்க வந்தது. அமானா ஜெர்மன்காரங்களோடது, 1932 வரைக்கும் நிலம், சமையல் எல்லாமே பொதுவுலதான்.

கேள்வி: அதுக்கு முன்னாடி அங்க இருந்த பூர்வகுடிங்க?

பதில்: இத யாராவது கேக்கணும்னுதான் இருந்தேன். அயோவால டெக்கோரான்னு ஒரு ஊர், நார்வேகாரங்க ஊர்னு எல்லாரும் சொல்லுவாங்க. ஆனா பேரு ஹோ-சங்க் மக்களோட தலைவர் வாக்கோன் டெக்கோரா பேரு. அந்த மக்கள 1848-ல அங்கேருந்து கெளப்பி மினசோட்டாவுக்கு அனுப்பிட்டாங்க, அடுத்த வருஷமே ஊர் ஆரம்பிச்சிடுச்சு. பேர மட்டும் வெச்சுக்கிட்டாங்க, எனக்கு அது மனசுல உறுத்திக்கிட்டே இருக்கும்.

கேள்வி: சார், ரயில் வராத ஊர் என்னாச்சு?

பதில்: கேன்சஸ் மாநிலத்துல நிக்கோடிமஸ்னு ஒரு ஊர், அதோட கதைய சொல்றேன். 1877-ல பெரும்பாலும் கென்டக்கிலேருந்து வந்த கறுப்பின மக்கள், நேத்து வரைக்கும் அடிமையா இருந்தவங்க, சொந்த நிலம்ங்கிற ஒரே ஆசைல வந்து இறங்கினாங்க. மரமே இல்லாத சமவெளிங்க, வீடு கட்ட வழியில்லாம மண்ணத் தோண்டி குழிக்குள்ளதான் முதல் குளிர்காலத்த ஓட்டினாங்க, அதப் பாத்து மனசு விட்டுப்போய் திரும்பிப் போனவங்களும் உண்டு. இருந்தவங்க பத்து வருஷத்துல சர்ச், பள்ளிக்கூடம், ஹோட்டல், ரெண்டு பத்திரிகைன்னு ஊரையே நிமித்திட்டாங்க. ரயிலும் வரும்னு நம்பிட்டு இருந்தாங்க. 1888-ல லைன் சாலமன் ஆத்துக்கு அந்தப் பக்கமா போயிடுச்சு, அங்க 'போக்'ங்கிற பேர்ல புதுசா ஒரு ஊர் முளைச்சுது, கடைக்காரங்க ஒவ்வொருத்தரா அங்க மாறிட்டாங்க.

கேள்வி: இப்ப அங்க யாராச்சும் இருக்காங்களா?

பதில்: ரொம்பக் கொஞ்சப் பேர். 1996-ல தேசிய வரலாற்று இடமா அறிவிச்சாங்க. போறதுன்னா ஜூலை கடைசில போங்க, அந்தக் குடும்பங்களோட வாரிசுங்க எங்கெங்கேருந்தோ வருஷா வருஷம் ஊருக்கு வந்து கூடுவாங்க.