20 வருடப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வளைவில் ஆடுகிறது, பள்ளத்தில் இடிக்கிறது. ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தினால் சரியாகுமா?

ஆகாது. வெட்டாதீர்கள். நான் வெட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது 2004 மாடல் மிட்சுபிஷி லான்சர். நாலு கதவு வண்டியை ஸ்போர்ட்ஸ் கார் என்கிறாயே என்று யாராவது சண்டைக்கு வந்தால் தோற்றுப்போகத் தயார். ஆனாலும் 1996 முதல் 1999 வரை பின்லாந்து ஓட்டுநர் டாமி மாகினன் நாலு வருடம் தொடர்ந்து உலக ராலி பட்டம் அடித்தது லான்சர் எவல்யூஷனில்தானே, என்னுடையது அந்த வீட்டுச் சாதுப் பிள்ளை, திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் பிறந்தது. சஸ்பென்ஷன் முன்னால் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாகச் சேர்ந்தது), பின்னால் மல்ட்டி லிங்க் (ஒவ்வொரு சக்கரத்தையும் பல கம்பிகள் பிடித்திருப்பது). உங்கள் வண்டி எது என்று எழுதவில்லை, ஆனால் 20 வயது என்றால் நோய் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும்.

ராணிப்பேட்டையில் ஒருவரிடம் வாங்கியபோது நீங்கள் சொல்லும் அதே புகார்தான் எனக்கும். நெடுஞ்சாலையில் 90-ஐத் தொட்டால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே இருக்கணும், லாரி ஒன்று தாண்டிப் போனால் வண்டி ஒரு பக்கம் நழுவும், ஏலகிரியில் அந்த 14 கொண்டை ஊசி வளைவிலும் மூக்கு வெளிப்பக்கமாகவே போகப் பார்க்கும். ஒரு மாடிஃபிகேஷன் கடைக்காரர் பேச்சைக் கேட்டு ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்று வெட்டி, 17 அங்குல அலாய் மாட்டினேன். பார்க்க அம்சமாக இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். எங்கள் வேலூரில் சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடி போவதற்குள் எத்தனை ஸ்பீட் பிரேக்கர் என்று அடிவயிற்றால் எண்ணிக்கொண்டே போனது வண்டி. பாகாயம் பக்கம் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி அரைகுறையாக மூடிய இடத்தில் ஒரு ரிம் வளைந்தது. சரி, சொகுசுதான் போச்சு, வளைவிலாவது ஒட்டிக்கொண்டு போகுமா என்றால் அதுவும் முன்பைவிட மோசம்.

ஏன் என்று அப்புறம்தான் புரிந்தது. ஸ்பிரிங் குட்டையானால் ஷாக் அப்சார்பர் உள்ளே போகக் கிடைக்கும் தூரம் குறைகிறது, சின்னப் பள்ளத்துக்கே பம்ப் ஸ்டாப்பில் (ஷாக் முழுக்க அமுங்காமல் தடுக்கும் ரப்பர்) போய் முட்டுகிறது, வளைவு நடுவில் முட்டினால் அந்தச் சக்கரத்துக்கு அந்த நொடியில் ஸ்பிரிங்கே இல்லாத மாதிரி, டயர் பிடியை விட்டுவிடும். இன்னொன்று, ஸ்ட்ரட் வைத்த வண்டியைத் தாழ்த்தும்போது லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியோடு பிணைக்கும் இரும்புக் கை) சக்கரப் பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்துவிடுகிறது. அப்போது வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, வண்டியின் கன மையம் இறங்குவதைவிட அதிகமாகக் கீழே இறங்கிப்போகும். அதனால் தாழ்த்திய வண்டி சாய்வதற்கே இன்னும் துடிக்கும். கடைக்காரர் இதையெல்லாம் சொல்லவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது.

அதன் பிறகு எங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே பட்டறை வைத்திருக்கும் பாயிடம் போனேன். அவர் வண்டியைத் தூக்கி, ஒரு கடப்பாறையை லோயர் ஆர்மில் கொடுத்து லேசாக நெம்பிக் காட்டினார். ஆர்ம் அரை அங்குலம் ஆடியது. "வண்டி மேல தப்பு இல்ல சார், ரப்பர் செத்துப்போச்சு. இருவது வருஷம் வேலூர் வெயில்ல நின்னா நீங்க மட்டும் இன்னாவா இருப்பீங்க?" என்றார்.

அதுதான் விஷயம். பழைய கார் கிட்டத்தட்ட ஒவ்வொரு மூட்டிலும் ரப்பர் புஷ்ஷில்தான் (நடுவில் இரும்புக் குழாய் வைத்த ரப்பர் உருளை) தொங்குகிறது. வெயிலும் வயதும் சேர்ந்து அது ஒரு பக்கம் கல்லாகும், இன்னொரு பக்கம் வெடிக்கும். கல்லானது பள்ளத்தின் இடியை அப்படியே உங்கள் முதுகுக்கு அனுப்புகிறது, வெடித்தது சக்கரத்தைத் தன் இஷ்டத்துக்குத் திரும்ப விடுகிறது. உங்கள் இரண்டு புகாருக்கும் காரணம் ஒன்றே, அதனால் சொகுசா பிடியா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையே இன்னும் வரவில்லை உங்களுக்கு.

லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட் (ஆர்ம் சக்கரத்தோடு சேரும் உருண்டை மூட்டு), ஸ்டெபிலைசர் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) புஷ், அதன் லிங்க் ராடு, பின்னால் உள்ள அத்தனை லிங்க் புஷ், எல்லாம் மாற்றினோம். இங்கே ஒரு விஷயத்தில் விடாப்பிடியாக நில்லுங்கள்: புஷ் போல்ட்டைக் கடைசி முறுக்கு முறுக்கும்போது சக்கரம் அந்தரத்தில் தொங்கக்கூடாது. வண்டி தன் கனத்தோடு நாலு சக்கரத்திலும் நிற்க வேண்டும். ரப்பர் புஷ்ஷின் உள் குழாய் போல்ட்டோடு இறுகிவிடும், அப்புறம் ஆர்ம் அசைவதெல்லாம் ரப்பர் முறுகித்தான். தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டு வண்டியை இறக்கினால் அந்த ரப்பர் நின்றபடியே முறுகிக் கிடக்கும், சீக்கிரமே கிழியும், வண்டியும் ஒரு விறைப்பாகவே ஓடும். ஜாக்கியில் தூக்கி வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் இறுக்கி அனுப்பும் பட்டறைதான் நம்ம பக்கம் அதிகம். பாய்கூட முதலில் "அதெல்லாம் ஒண்ணும் ஆவாது சார்" என்றார், நான் கேட்கவில்லை, பட்டறையில் வேலைக்கென்று தோண்டிய குழியின் மேல் வண்டியை நிறுத்தி அடியில் இறங்கி இறுக்கினார்.

ரப்பருக்குப் பதிலாகக் கெட்டியான பிளாஸ்டிக் மாதிரி வரும் பாலியூரிதேன் புஷ் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஸ்டெபிலைசர் பாருக்குப் போடுங்கள், நல்ல பலன். மற்ற இடத்தில் நம்ம ரோட்டுக்கு அது வேண்டாத வேலை, அதிர்வு உள்ளே வரும், கிரீஸ் காய்ந்தால் கீச் கீச் என்று கத்தும்.

ஷாக் அப்சார்பரை ஜோடியாக மாற்றுங்கள், கூடவே மேல் மவுண்ட், பம்ப் ஸ்டாப், தூசி உறை. பழைய மவுண்ட்டில் புது ஷாக் போடுவது கிழிந்த வேட்டிக்குப் புது பெல்ட் கட்டுகிற கதை. ஸ்பிரிங் கம்பெனி உயரமே போதும். வெட்டிய என் ஸ்பிரிங்குக்கு மாற்றுத் தேடி மூன்று மாதம் அலைந்தேன்.

டயர். பட்டன் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள், பக்கவாட்டில் தேதி பாருங்கள். கடைசி நாலு இலக்கம் 2314 என்றால் 2014-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம் செய்தது. என் வண்டியில் முன்னால் இரண்டும் ஒன்பது வயது, நகத்தால் அழுத்தினால் இறங்கவில்லை, ரப்பர் அவ்வளவு இறுகியிருந்தது. அளவும் முக்கியம். 185/65 R14 டயரின் பக்கச் சுவர் சுமார் 120 மில்லிமீட்டர், 195/55 R15 என்றால் 107, 205/40 R17 என்றால் வெறும் 82. மூன்றுக்கும் மொத்த விட்டம் கிட்டத்தட்ட ஒன்றே, 596 மில்லிமீட்டருக்குப் பக்கம், ஆனால் பள்ளத்தை வாங்கிக்கொள்ள இருக்கும் காற்று மெத்தை மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது, பெரும்பாலும் சக்கரத்தின் கனமும் கூடுகிறது. ஒரு அங்குலம் ஏற்றுவதோடு நிறுத்துங்கள். காற்று காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது, கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுப்படி. பங்க்கில் 35 வைக்கட்டுமா என்பார்கள், வேண்டாம்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது), அதுவும் நாலு சக்கரத்துக்கும். பின்னால் மல்ட்டி லிங்க் இருந்தால் பின் சக்கர டோ கோணல் (சக்கரம் நேராகப் பார்க்காமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது) அந்த நெடுஞ்சாலை நழுவலுக்கு ஒரு முக்கியக் காரணமாக இருக்கலாம், முன் சக்கரத்தை மட்டும் பார்த்து அனுப்பும் கடைக்குப் போவது வீண். ஸ்ட்ரட் பார் (இரண்டு ஸ்ட்ரட்டின் தலையையும் இணைக்கும் கம்பி), அது இது என்று பளபளப்பாக விற்பதெல்லாம் பிறகு காசு மிஞ்சினால் பார்க்கலாம், எனக்கு மிஞ்சவில்லை.

போன மாதம் திரும்ப ஏலகிரி போனேன். ஆம்பூர் வரை ஒரு கையால் ஓட்ட முடிந்தது, மேலே ஏறும்போது ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினேனோ அவ்வளவு திரும்பியது. பின் சீட்டில் அம்மா வாணியம்பாடி தாண்டியதும் தூங்கிவிட்டார், முன்பெல்லாம் இடுப்பு வலிக்கிறது என்று பள்ளிகொண்டாவிலேயே இறங்கக் கேட்பார். ஸ்டியரிங் ராக்கில் மட்டும் இன்னும் லேசாக ஒரு லொட லொட இருக்கிறது. அதை அடுத்த சம்பளத்துக்கு வைத்திருக்கிறேன்.