அசையாத தவளைக்கு வலிக்காதா?

ஐஸில் வைத்தாலே தவளை அடங்கிவிடுகிறதே, அறுவைக்கு மயக்க மருந்து எதற்கு? (கல்லூரி மாணவர், தாம்பரம்)

குளிரில் தவளையின் உடல் மந்தமாகிறது, அதனால் அசைவதில்லை. வலி தெரியவில்லை என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது. ஐஸை மயக்க மருந்தாக எண்ணிக் கத்தியை எடுக்காதீர்கள்.

டிரைகைன் என்ற மயக்க மருந்தைக் கொடுத்தபின் தவளை மயங்கிவிட்டது என்று எப்படி உறுதி செய்வது? (ஆய்வு மாணவி, கிண்டி)

முதலில் கரைசலைக் கவனியுங்கள். டிரைகைன் தண்ணீரில் அமிலமாகும். சோடியம் பைகார்பனேட் கலந்து சமன் செய்யாவிட்டால் மருந்தே தோலை எரிக்கும். மூக்கு வெளியே தெரியும்படி குறைந்த தண்ணீரில் தவளையை வையுங்கள். தோல் வழியே உள்ளே போகும் மருந்து நரம்புகளின் சோடியம் வாயில்களை அடைத்து, வலிச் செய்தியை நிறுத்துகிறது.

அப்புறம் மல்லாக்கப் போட்டுப் பாருங்கள். புரண்டு எழ முயலாவிட்டால் மயக்கம் தொடங்கிவிட்டது, ஆனால் அறுவைக்கு அது போதாது. பின்னங்கால் விரலை இறுக்கிக் கிள்ளும்போது காலை இழுத்தால் இன்னும் காத்திருங்கள். ஆழ்ந்த மயக்கத்தில் தொண்டைத் துடிப்பு நின்றுவிடும். பதற வேண்டாம், மார்புத் தோலுக்கடியில் இதயத் துடிப்பைப் பாருங்கள். தோல் வழியாகவும் அது சுவாசிக்கும், அதனால் தோல் காயவே கூடாது. வேலை முடிந்ததும் மருந்தில்லாத தண்ணீரில் அலசினால் தெளியும். தெளிந்தபின் டிரைகைன் வலியைத் தணிக்காது. அதற்குத் தனியாக வலி நிவாரணி தர வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான், எனக்கு மிகவும் வருத்தம் தருவதும் இதுதான்.

தலை இல்லாத தவளைகூட தொடையில் விழுந்த அமிலத்தைக் காலால் துடைக்குமாமே? அப்போது அது வலியா? (ஆசிரியை, மயிலாப்பூர்)

துடைக்கும். 1853லேயே ஜெர்மன் உடலியலாளர் ஃப்ளூகர் இதைக் காட்டினார். அந்த அசைவைத் தண்டுவடமே நடத்துகிறது, வலியை உணர மூளை வேண்டும். ஆனாலும் வலி நிவாரணி வேலை செய்கிறதா என்று பார்க்க இந்தத் துடைப்பு பயனுள்ள அளவுகோல். தொடையில் அசிட்டிக் அமிலச் சொட்டுகளை, நீர்த்ததில் தொடங்கிப் படிப்படியாகக் கூடுதல் செறிவில் வைத்துக்கொண்டே போவார்கள். மார்ஃபின் போட்ட தவளை கூடுதல் செறிவில்தான் துடைக்கும். நாலக்சோன் தந்தால் மார்ஃபினின் வேலை முறிந்துவிடும். மார்ஃபின் போன்ற மருந்துகள் பற்றிக்கொள்ளும் ஓபியாய்ட் ஏற்பிகள், பாலூட்டிகளில் உள்ளதைப் போலவே தவளைக்கும் இருக்கின்றன. எடைக்கு எடை பார்த்தால் மருந்து மட்டும் அதிகம் தேவைப்படும்.

மழையில் அடிபட்ட தவளைக்குப் பல்வலி ஜெல் தடவலாமா? (இல்லத்தரசி, வேளச்சேரி)

வேண்டவே வேண்டாம்! இத்தகைய சில ஜெல்களில் பென்சோகெயின் என்ற மரப்பு மருந்து உண்டு. தவளைகளைக் கருணைக்கொலை செய்ய அவற்றின் வயிற்றில் பூசும் மருந்தும் அதுதான். ஈரத்துணி விரித்த, காற்றோட்டமுள்ள டப்பாவில் வையுங்கள். சோப்பு, க்ரீம் இல்லாத ஈரக்கையால் மட்டும் தொடுங்கள். தவளைக்குச் சிகிச்சை தருவாரா என்று போனில் கேட்டுக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.