கையெழுத்து மாறியிருக்கிறதா, பாருங்கள்

வாசகர் கேள்வி பதில்

கம்பெனிகள் இளைஞர்களுக்கு உதவித்தொகை கொடுத்து ஊரில் சமூகப் பணி செய்ய வைக்கும் பயிற்சித் திட்டங்களைப் பற்றிப் போன இதழில் நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: இதனால் உண்மையில் ஏதாவது மாறியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஐந்து கடிதங்களை எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு தொழிற்சாலையின் சி.எஸ்.ஆர். (கம்பெனியின் சமூகப் பொறுப்பு) பிரிவில் வேலை பார்க்கிறேன். சுற்றியுள்ள ஊராட்சிகளில் 18 முதல் 24 வயதுவரை உள்ள 40 பேரை எடுத்து, ஓராண்டு அவரவர் ஊரிலேயே மாலை வகுப்பு, படிப்பகம், கிராம சபைக்கு ஆள் திரட்டுவது, ஏரிக்கரை வேலை என்று செய்ய வைக்கிறோம். 'என்ன மாறியது, எண்ணில் காட்டுங்கள்' என்கிறது மேலிடம். எங்கே தொடங்குவது?
— வாசகி, ஸ்ரீபெரும்புதூர்

உங்கள் திட்டத்துக்குள் இரண்டு திட்டங்கள் இருக்கின்றன. ஒன்று அந்த 40 பிள்ளைகளின் வாழ்க்கை, இன்னொன்று ஊர். பல அறிக்கைகளில் முதலாவதை மட்டும் அளந்துவிட்டு இரண்டாவதையும் அளந்த மாதிரி எழுதிவிடுகிறார்கள். இத்தனை பேருக்குப் பயிற்சி, இத்தனை கூட்டம், இத்தனை மரக்கன்று என்பதெல்லாம் செய்த வேலையின் கணக்கு. கன்று இரண்டு கோடையைத் தாண்டி நிற்கிறதா என்பதுதான் நீங்கள் தேடும் கணக்கு.

சில ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு திட்டத்தை மதிப்பிடப் போயிருந்தேன். பக்கத்துப் பக்கத்து ஊர்கள் இரண்டு, இரண்டிலும் பயிற்சியில் இருந்தவர்கள் படிப்பகம் தொடங்கியிருந்தார்கள். கம்பெனி அறிக்கையில் முதல் ஊருக்குத்தான் நல்ல எண், அங்கே புத்தகம் எடுத்தவர்கள் இரண்டு மடங்கு. நான் போனது திட்டம் முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆன பிறகு. முதல் ஊரில் இரவல் நோட்டைக் கேட்டேன், யார் வீட்டிலோ தேடி எடுத்து வந்தார்கள். ஜூன் மாதத்திலிருந்து ஒரே நீல மை, வலது பக்கம் சாய்ந்த ஒரே எழுத்து, தேதி, பெயர், புத்தகம் எல்லாம் படிப்பகத்தைத் தொடங்கிய பையனே எழுதியது. மார்ச் கடைசியோடு நின்றுவிட்டது, அதற்குப் பிறகு வெற்றுப் பக்கங்கள். இரண்டாவது ஊர் நோட்டில் ஜனவரியிலேயே எழுத்து மாறுகிறது. குண்டு குண்டாக ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணின் எழுத்து, அப்புறம் கொஞ்ச நாள் பென்சில், அப்புறம் யாரோ பெயர்கூட எழுதாமல் 'டைலர் வீட்டுப் பாப்பா', 'மாடி வீடு' என்று குறித்திருக்கிறார்கள். நான் போன வாரம்வரை பதிவு இருந்தது. அதைத் தொடங்கிய பெண் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்ப் பல மாதம் ஆகியிருந்தது, கம்பெனியிலிருந்தும் யாரும் வந்ததில்லை.

அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது நோட்டைத்தான். தொடங்கிய ஆள் போன பிறகு வேலை வேறு கைக்கு மாறியிருக்கிறதா என்பதைவிட நல்ல அளவுகோல் ஊர் விஷயத்தில் எனக்குக் கிடைக்கவில்லை. அதைத் திட்டம் நடக்கும்போது பார்க்கவே முடியாது. ஓராண்டு கழித்துத் திரும்பிப் போவதற்கான செலவை இப்போதே பட்ஜெட்டில் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், பிறகு கேட்டால் கிடைக்காது.

புதிதாகப் படிவம் அச்சடிப்பதற்கு முன் ஊரில் ஏற்கெனவே இருக்கும் பதிவேடுகளைப் பாருங்கள். தமிழ்நாட்டில் குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி, இவற்றோடு மார்ச் 22, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபை. தீர்மானப் புத்தகத்தில் யார் யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அதில் பெண்கள் எத்தனை பேர், இதுவரை வராத தெருவிலிருந்து யாராவது வந்தார்களா, போன முறை கேட்ட தெருவிளக்கை இந்த முறை யாராவது எழுந்து நினைவுபடுத்தினார்களா என்று பார்க்கலாம். திட்டம் தொடங்குவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளின் பக்கங்களையும் எடுங்கள். ஆரம்ப நிலைக் கணக்கு எடுக்காமல் விட்டவர்களுக்கு அதுதான் பேஸ்லைன். கூடவே நீங்கள் வேலை செய்யாத பக்கத்து ஊராட்சிகள் இரண்டு மூன்றிலும் இதையே பாருங்கள், இல்லாவிட்டால் தேர்தல் வருடத்தில் எல்லா ஊரிலும் கூடிய கூட்டத்தை நீங்கள் கூட்டியதாக எழுதிவிடுவீர்கள்.

40 பேரைப் பற்றி ஒன்றுதான். கணக்கை எப்போதும் 40-லிருந்து தொடங்குங்கள். ஒன்பது பேர் பாதியில் நின்றுவிட்டால் மீதி 31 பேரின் சராசரியைப் போடாதீர்கள், நின்றவர்கள் வீட்டுக்குப் போய் ஏன் நின்றார்கள் என்று கேளுங்கள். உதவித்தொகை பத்தவில்லையா, பெண் பிள்ளை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தெருவில் கூட்டம் போடுவதை வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லையா, வேறு தெருவுக்குள் போனபோது சாதி கேட்டார்களா. உங்கள் திட்டத்தை அடுத்த ஆண்டு மாற்றக்கூடிய தகவல் பெரும்பாலும் அவர்களிடம்தான் இருக்கும்.

இப்படி மதிப்பீடு செய்ய வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா, கம்பெனிகள் விரும்பினால் செய்வதா?
— வாசகர், கோயம்புத்தூர்

பெரிய கம்பெனிகளுக்குக் கட்டாயம். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135-இன்படி நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய், இவற்றில் ஒன்றை எட்டினாலும் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சி.எஸ்.ஆருக்குச் செலவிட வேண்டும். 2021 ஜனவரியில் வந்த திருத்த விதிகளின்படி, மூன்று ஆண்டு சராசரியில் இந்தக் கடமைத் தொகை 10 கோடி அல்லது அதற்கு மேல் உள்ள கம்பெனி, ஒரு கோடி அல்லது அதற்கு மேல் செலவான திட்டங்களை வெளியார் அமைப்பு ஒன்றை வைத்து மதிப்பிட வேண்டும், அதுவும் திட்டம் முடிந்து குறைந்தது ஓராண்டு ஆன பிறகு. நல்ல விதி, அதைச் சிறிய கம்பெனிகளும் தாமாகவே பின்பற்றலாம். இதையும் 1961-இன் அப்ரண்டிஸ் சட்டத்தையும் குழப்பிக்கொள்ள வேண்டாம், அது தொழிற்சாலைக்குள் தொழில் பழகுபவர்களுக்கானது. கம்பெனியின் வழக்கமான வியாபார வேலையைச் சி.எஸ்.ஆர். கணக்கில் எழுத விதிகள் இடம் தருவதில்லை. பயிற்சிப் பிள்ளைகளைக் காலையில் பேக்கிங் பிரிவில் நிறுத்திவிட்டு மாலையில் ஊருக்கு அனுப்பும் இடம் எதையாவது பார்த்தால் தைரியமாகக் கேள்வி கேளுங்கள்.

எங்கள் அறக்கட்டளைக்கு மதிப்பீடு செய்து கொடுத்த ஏஜென்சி, போட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் ஆறு ரூபாய் சமூகப் பலன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. நம்பலாமா?
— வாசகர், மதுரை

இந்த முறைக்கு எஸ்.ஆர்.ஓ.ஐ. என்று பெயர். 1990-களில் சான்பிரான்சிஸ்கோவில் ரெட்ஃப் என்ற அமைப்பு வளர்த்தெடுத்தது. சமூகப் பலனை ரூபாயாக மாற்றிப் போட்ட பணத்தோடு ஒப்பிடுவது. முறையில் குற்றமில்லை, ஆனால் அது ஒழுங்காக நடக்கிறதா என்பது முழுக்க முழுக்க எதை எதைக் கழிக்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது.

உதாரணத்துக்கு, பயிற்சி முடித்த பெண் மாதம் 15,000 சம்பளத்தில் சேர்கிறாள். ஆண்டுக்கு 1,80,000. 40 பேருக்கு 72 லட்சம் என்று எழுதிவிடலாம், பலர் எழுதுகிறார்கள். ஆனால் பயிற்சிக்கு வராத, அதே ஊரில் அதே படிப்பு படித்த பெண் 11,000 வாங்குகிறாள் என்றால் உங்கள் பங்கு மாதம் 4,000 மட்டுமே. 40 பேருக்கு 19 லட்சத்து 20 ஆயிரம். அதிலும் அரசு நடத்திய இன்னொரு பயிற்சிக்கு அந்தப் பெண் போயிருந்தால் அதற்கும் பங்கு கொடுக்க வேண்டும். வருடம் ஆக ஆகத் தாக்கம் தேயும், அதையும் கழிக்க வேண்டும்.

எல்லாரும் மறப்பது, ஒருவருக்குக் கிடைத்தது இன்னொருவர் கையிலிருந்து போனதா என்பதை. ஒரு ஊரில் பயிற்சிப் பிள்ளைகள் இலவச மாலை வகுப்பு தொடங்கினார்கள், 60 குழந்தைகள் வந்தார்கள். அதே தெருவில் திண்ணையில் மாதம் 200 ரூபாய் வாங்கி டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் மிஞ்சியது நான்கு குழந்தைகள். கணவர் இல்லாதவர், அந்தப் பணத்தில்தான் கேஸ் சிலிண்டர். அறிக்கையில் 60 இருந்தது, அந்த அம்மா இல்லை. அவரையே சம்பளத்துக்கு அந்த வகுப்பில் சேர்த்திருக்கலாம், யாரும் அவரிடம் பேசவில்லை, அவ்வளவுதான். பிரான்ஸில் 235 பகுதிகளில் படித்த இளைஞர்களுக்கு வேலை தேட உதவும் திட்டம் ஒன்றைப் பெரிய அளவில் ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். உதவி பெற்றவர்களுக்கு வேலை கிடைத்தது, ஆனால் அதில் ஒரு பகுதி அதே பகுதியில் உதவி பெறாத இளைஞர்களின் வாய்ப்பிலிருந்து போனது என்று தெரிந்தது.

ஆகவே ஏஜென்சியிடம் ஆறு எப்படி வந்தது என்று கேளுங்கள். கழித்தவற்றை வரிவரியாக எக்ஸெலில் காட்டினால் படித்துப் பாருங்கள். காட்டத் தயங்கினால் அந்த எண்ணை அறிக்கையின் முகப்பில் போடாதீர்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சில பிள்ளைகளைத் திட்டத்தில் சேர்க்காமல் விடுவது தவறில்லையா? மனசு ஒப்பவில்லை.
— வாசகி, திருநெல்வேலி

வேண்டுமென்றே விடச் சொன்னால் எனக்கும் ஒப்பாது. ஆனால் 40 இடத்துக்கு 150 பேர் விண்ணப்பித்தால் 110 பேர் எப்படியும் வெளியேதான் நிற்கப் போகிறார்கள். யார் என்பதைச் சிபாரிசு முடிவு செய்வதா, குலுக்கல் முடிவு செய்வதா? கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்துக்குப் பள்ளிகளில் குலுக்கல் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். தகுதி உள்ளவர்களுக்குள் குலுக்கினால் அதைவிட நியாயம் இல்லை, ஒப்பிடவும் வழி கிடைக்கிறது.

அமெரிக்காவில் இயர் அப் என்று ஒரு திட்டம், 2000-இல் பாஸ்டனில் தொடங்கியது. ஆறு மாதம் வகுப்பு, ஆறு மாதம் கம்பெனிகளில் பயிற்சி வேலை, அதற்குக் கம்பெனிகளும் பணம் கட்டுகின்றன. அங்கே 2,500-க்கும் மேற்பட்ட இளைஞர்களைக் குலுக்கலில் பிரித்துப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது, குலுக்கலில் இடம் கிடைக்காதவர்களின் வருமானமும் காலப்போக்கில் உயர்ந்தது என்பதுதான். வயது ஏறுகிறது, அனுபவம் வருகிறது, யாருக்கும் உயரும். இடம் கிடைத்தவர்களின் வருமானம் அதைத் தாண்டி நன்றாகவே உயர்ந்தது, அந்த வித்தியாசம் ஆண்டுகள் கழித்தும் நிலைத்தது. அந்த வித்தியாசம்தான் திட்டத்தின் பலன், 'சேர்வதற்கு முன், முடித்த பின்' என்று போடும் பட்டைப் படம் இதைக் காட்டவே காட்டாது. இடம் கிடைக்காதவர்களை அடுத்த ஆண்டு முதலில் எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுங்கள், கொடுத்ததை நிறைவேற்றுங்கள்.

நான் இப்படி ஒரு திட்டத்தில் இருக்கிறேன். மாதாமாதம் ஒரு கூகுள் ஃபார்ம், 'உங்கள் தலைமைப் பண்பு 1 முதல் 5 வரை எவ்வளவு' என்று. சேரும்போது 5 போட்டேன், இப்போது மனசறிந்து 3-தான் போட முடிகிறது. போட்டால் உதவித்தொகை நிற்குமோ என்று பயம். அப்புறம், மார்ச்சில் பயிற்சி முடிந்ததும் வேலை தேடி வெளியூர் போக வேண்டும். எல்லாம் வீணாகிவிடுமா?
— பெயர் வேண்டாம் என்று எழுதிய தம்பி

தம்பி, 3 போடுங்கள். 5-லிருந்து 3-க்கு நீங்கள் இறங்கவில்லை. சேரும்போது ஒரு தெருவையே கூட்டி உட்கார வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது, இப்போது தெரியும், அளக்கும் கோல் உங்களுக்குள்ளேயே நீண்டுவிட்டது. ஆய்வு செய்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் இது. அதனால்தான் கடைசியில் 'சேர்ந்தபோது நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று இப்போது நினைக்கிறீர்கள்' என்றும் சேர்த்துக் கேட்பார்கள். இதை உங்கள் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிப் பாருங்கள். பதிலுக்கும் பணத்துக்கும் சம்பந்தமில்லை என்று அவர் எழுத்தில் தர வேண்டும். ஃபார்மில் பெயர் கேட்காமல் இருப்பது அதைவிட நல்லது. இதைப் படிக்கும் சி.எஸ்.ஆர். ஆட்களும் கவனியுங்கள், உதவித்தொகை கொடுக்கும் கையே கேள்வித்தாளையும் நீட்டினால் உண்மை வராது.

எண்ணுக்குப் பதிலாகக் கதை கேட்கும் முறையும் உண்டு. 1990-களில் வங்கதேசத்தில் ரிக் டேவிஸ் என்பவர் தொடங்கியது. 'போன மூன்று மாதத்தில் உங்கள் ஊரில் நடந்த முக்கியமான மாற்றம் எது, ஏன் அதை முக்கியம் என்கிறீர்கள்' என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, வந்த கதைகளைக் கூடி உட்கார்ந்து படித்து, ஒன்றைக் காரணத்தோடு தேர்ந்தெடுப்பார்கள். உங்கள் குழுவில் நீங்களே செய்யலாம், ஒரு 40 பக்க நோட்டு போதும்.

வேலைக்குப் போங்கள், வீட்டுக்கு வருமானம் வேண்டும். ஆனால் நீங்கள் நடத்தும் வகுப்போ படிப்பகமோ, அதன் சாவியை மார்ச்சில் கொடுக்காதீர்கள், டிசம்பரிலேயே கொடுத்துவிடுங்கள். வாங்கிக்கொண்டவர்கள் ஒருநாள் திறக்க மறப்பார்கள், புத்தகத்தைத் தொலைப்பார்கள், ஒருவருக்கொருவர் சண்டை போடுவார்கள். நீங்கள் ஊரில் இருக்கும் அந்த மூன்று மாதத்திலேயே அதெல்லாம் நடந்து முடியட்டும். ஜனவரியிலிருந்து நோட்டில் நீங்கள் எழுதாதீர்கள், பேனாவை அவர்களிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.